நடவிக்குக் கண் இல்லை

— நில்லுங்கோ டொக்டர். இப்ப என்ன சொன்னனீங்கள்?

— சவுக்காரம் எங்கன்னு கேட்டேன் டீச்சர். கையெல்லாம் மாட்டு வாடை.

— அதில்லை, அதுக்கு முதல். பிறிட்ஜ் கதவில ஒட்டியிருக்கிற படத்தைப் பாத்து ஒண்டு சொன்னனீங்கள்.

— அதுவா... கண்ணு வரைஞ்சிருக்கே, நடவிக்குக் கண்ணு இல்லையேன்னு சொன்னேன். என்னையறியாம வாயில வந்திருச்சு.

— நடவி எண்ட பேர் அந்தப் படத்தில எங்கயும் எழுதியில்லை.

— ஆமா. எழுதல.

— அப்ப உங்களுக்கு எப்பிடித் தெரியும்? எங்கட பசு செவலைக்கு வயிறு ஊதிப்போச்செண்டு அம்மா ஃபோன் அடிச்சு வந்தனீங்கள். இந்த வீட்டுப் படலைக்குள்ள இண்டைக்குத்தான் முதல்தரம் வாறியள். என்ர பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குக்கூட அந்தப் பேரை நான் சொன்னதில்லை.

— உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்? அதச் சொல்லுங்க மொதல்ல.

— எனக்குத் தெரியாமல்? அதை உண்டாக்கினதே நான்தான்.

— பாதி.

— என்ன பாதி?

— பாதிதான் நீங்க உண்டாக்கினீங்க. வேர்க்கால், முதுகுல இருக்கிற குடை இலை, பேரு, இதெல்லாம் உங்களோடது. கண்ணு வேணாம், தோல்ல இருக்கிற புள்ளிங்களே வெளிச்சத்த உணரட்டும்னு சொன்னது நானு.

— கடவுளே.

— இன்டர்நெட் குழுவுல ரெயின்ட்ரீங்கிற பேர்ல எழுதுறது நீங்கதான்.

— நீங்கள் ஹில்மான்.

— ஆமாங்க.

— இல்லை. இது நடக்காது. ஹில்மான் பெரு நாட்டுக்காரன்.

— பெருவா! நான் எப்பங்க பெருன்னு சொன்னேன்?

— 'நாங்கள் மலையில இருந்து இறங்கி வந்த சனம், எங்கட ஆக்கள் பரம்பரையாத் தோட்டத்தில வேலை செய்தவை' எண்டு எழுதினனீங்கள். நான் என்ன நினைக்கிறது? அந்த நாட்டு மலையெல்லாம் தேடித் தேடிப் படம் பாத்தனான். கம்பளி போர்த்துக்கொண்டு லாமா மேய்க்கிற ஒரு ஆள், மேய்ச்சு முடிச்சு வந்து எனக்கு எழுதுறார் எண்டுதான் ரெண்டு வருசமா நினைச்சுக்கொண்டிருந்தன்.

— லாமா இல்லீங்க. உங்க செவலை மாதிரி மாடுதான். மாட்டு வயித்துல கைய வச்சிட்டு வீட்டுக்குப் போயி உங்களுக்கு எழுதுவேன்.

— பொறுங்கோ, பொறுங்கோ. நான் இந்தக் கதிரையில இருக்கிறன். நீங்களும் இருங்கோ. உலகம் முழுக்க ஆக்கள் இருக்கிற குழு அது. இல்லாத கிரகத்தில எந்த உயிர் எப்பிடி உண்டாகும், எப்பிடி மாறும் எண்டு மண்டையைப் போட்டு உடைக்கிற கூட்டம். பிரேசில்காரர் இருக்கினம், நோர்வேக்காரர் இருக்கினம். அதுக்குள்ள கிளிநொச்சியில ஒரு ஆள் இருப்பார் எண்டு ஆர் நினைப்பினம்?

— ரெண்டு ஆளுங்க டீச்சர்.

— ஓம், ரெண்டு. என்னை எந்த நாடெண்டு நினைச்சனீங்கள்?

— தமிழ் ஆளுன்னு மட்டும் தெரியும். நடவின்னு பேரு வச்சீங்களே! நடக்கிறதும் நடுறதும் ஒரே சொல்லுக்குள்ள. அத வேற எவனால வைக்க முடியும்? ஆனா 'கண்ணுக்கெட்டின தூரம் வெளி, நடுவுல கடல் மாதிரி ஒரு குளம், வருசத்துல பாதி வெயில்'னு எழுதியிருந்தீங்க. சரி பாருங்க, ஆஸ்திரேலியாவுக்குப் போன தமிழ்ப் பொண்ணுன்னு முடிவு கட்டிட்டேன்.

— அது எங்கட இரணைமடு!

— இப்பத்தானே தெரியுது. அந்தக் குளத்துத் தண்ணியில வெளஞ்ச அரிசியத்தான் நானும் திங்கிறேன். முரசுமோட்டையில உக்காந்து நீங்க எழுத, உருத்திரபுரத்துல உக்காந்து நான் படிக்க. நடுவுல ஒரு பஸ் தூரம்.

— தமிழெண்டு தெரிஞ்சும் ஏன் தமிழில ஒரு வசனம் எழுதேல்லை?

— எழுதினா 'நீங்க எந்த ஊரு'ன்னு கேப்பீங்க. ஊரச் சொன்னா 'சொந்த ஊரு எது'ன்னு அடுத்த கேள்வி வரும். நானும் பொறந்ததுல இருந்து பதில் சொல்லிட்டே இருக்கேன். அங்க ஒரு எடத்துலதான் யாரும் கேக்கல. அது எனக்குச் சொகமா இருந்துச்சு.

— இப்ப விளங்குது. மாட்டைப் பாக்கேக்க நீங்கள் எங்களை மாதிரித்தான் கதைச்சனீங்கள். படத்தைக் கண்ட பிறகு பேச்சு மாறிட்டுது.

— பதட்டம் வந்தா வீட்டுப் பேச்சு வந்திரும். மன்னிச்சுக்குங்க.

— இதில மன்னிக்க என்ன கிடக்கு? அப்பிடியே கதையுங்கோ. ஹில்மானுக்குக் குரல் எப்பிடி இருக்கும் எண்டு நான் கனதரம் யோசிச்சிருக்கிறன். இப்பிடி இருக்கும் எண்டு நினைக்கேல்லை.

— பிள்ளை மேனுகா! என்ன சத்தம் அங்க? மாடு திரும்ப விழுந்திட்டுதோ?

— இல்லையம்மா, செவலை எழும்பி நிண்டு வைக்கல் தின்னுது. இஞ்ச வாங்கோ நீங்கள், கெதியா. இவர் ஆரெண்டு தெரியுமோ?

— மாட்டு டொக்டர். ஜனகன் எண்டு பேர். நான்தானே ஃபோன் அடிச்சனான். உனக்கென்ன பிடிச்சிட்டுது?

— இவர்தான் அம்மா ஹில்மான். நடவியை என்னோட சேந்து செய்தவர்.

— எது, உந்தப் பிறிட்ஜ் கதவில நிக்கிற கண்டறியாத சாமானையோ?

— அம்மா, அந்தக் கண்ண வச்சது நீங்களா?

— ஓம் தம்பி, நான்தான் பேனையால வைச்சனான். பால் எடுக்கக் கதவைத் துறக்கிற நேரமெல்லாம் அந்தச் சீவன் முகமில்லாமல் நிக்கும். பாக்க எனக்கு ஒரு மாதிரி. இப்ப பாருங்கோ, எவ்வளவு வடிவா முழிச்சுக்கொண்டு நிக்குது.

— முழிச்சிட்டுத்தான் நிக்குது.

— சிரிக்காதையுங்கோ டொக்டர், அம்மா இன்னும் கூடச் செய்வா.

— ரெண்டு பேரும் படிச்ச ஆக்கள். சொல்லுங்கோவன், உது மரமோ மிருகமோ?

— ரெண்டும்தாங்க. அது ஒரு வேற கிரகம். அந்தக் கிரகம் ரொம்ப ரொம்ப மெதுவாச் சுத்துது. அங்க ஒரு பகல் நம்ம ஒரு வருசம். அதுக்கப்புறம் வர்ற ராத்திரியும் ஒரு வருசம். அந்த ராத்திரியில எல்லாம் உறைஞ்சு போயிரும். ஒரே எடத்துல வேர் விட்டு நின்னா அம்புட்டுத்தான்.

— அதால நடவியள் நடக்குங்கள் அம்மா. வெளிச்சம் போற பக்கம் தாங்களும் போகுங்கள். கிரகம் மெல்லச் சுத்துறதால, மெல்ல நடந்தாலே காணும். முதுகில குடை மாதிரி ஒரு பெரிய இலை. கீழ வேர்க்கால். நிண்டு தண்ணி குடிக்கவேணுமெண்டால் காலை மண்ணுக்குள்ள இறக்கும். குடிச்சு முடிஞ்சால் இழுத்துக்கொண்டு நடக்கும்.

— சாப்பாடு?

— வெளிச்சம்தான் சாப்பாடு. மரத்துக்கு மாதிரி.

— அப்ப சமைக்கக் குசினி இல்லை.

— இல்லை.

— புண்ணியம் செய்ததுகள். பிள்ளை குட்டி?

— முதுகுலயே மொளைக்கும்மா. இலையோட காம்புக்கிட்ட ஒரு பள்ளம் இருக்கு. அதுக்குள்ள விதை விழுந்து, முளைச்சு, சின்னக் குடை ஒண்ணு விரிச்சதுக்கு அப்புறம்தான் கீழ எறங்கும். அதுவரைக்கும் தாய் சுமந்துக்கிட்டே நடக்கும்.

— ஒண்டு களைச்சு விழுந்தால் மற்றதுகள் சுத்தி நிண்டு வேர் நுனியைத் தொடுங்கள். தொட்டால் தங்கட பாலை அதுக்குக் குடுக்கலாம். அவையின்ர கதை பேச்செல்லாம் அந்தத் தொடுகைதான். வாய் இல்லை.

— வாய் இல்லாட்டில் சண்டையும் இல்லை. நல்ல சாதி.

— சண்டை அவைக்கு வரேல்லை அம்மா. எங்களுக்குத்தான் வந்தது.

— ஆரோட, இந்தத் தம்பியோடயோ? இப்பத்தானே கண்டனீங்கள்!

— காணாமலே வந்தது. அது பெரிய கதை.

— அதைப் பேந்து கேக்கிறன். தம்பி உருத்திரபுரமெண்டு கேட்டுது. உருத்திரபுரத்தில ஆற்றை மகன்?

— அம்மா!

— கேட்டால் என்ன? வீட்டுக்கு வந்த பிள்ளையை ஆரெண்டு கேக்கக்கூடாதோ?

— கேக்கட்டும் டீச்சர், பரவால்ல. வீரையாவோட மகன்மா. எங்க தாத்தா காலத்துல தேயிலை மலையில இருந்து வவுனியாவுக்கு வந்தாங்க. அப்புறம் இங்க.

— வீரையா... நெல்லு அருவி வெட்ட வாற வீரையாவோ? நெடுவல், கழுத்தில எந்நேரமும் துவாய்?

— துவாய் இன்னும் கழுத்துலதான் இருக்கு. அந்தக் காலத்துல எல்லார் வயல்லயும் வெட்டினாரு. உங்க வயல்லயும் வெட்டியிருப்பாரு.

— வெட்டினவர். எனக்கு நல்ல ஞாபகம். சரி, உம்மட கொப்பர் வெளியில, இந்த முத்தத்தில இருந்து சாப்பிட்டவர். நீர் உள்ளுக்கு இருந்து சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும். சோறு வடிச்சாச்சு. ஒரு முட்டை பொரிச்சுக்கொண்டு வாறன். மேனுகா, தம்பிக்குத் தண்ணி குடு.

— வேணாம்மா, இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போகணும்...

— விடுங்கோ டொக்டர், அவா போயிட்டா. அவாவை மறிக்கேலாது. மனவருத்தமோ?

— இல்லீங்க. 'உள்ளுக்கு'ன்னு சொன்னாங்க பாத்தீங்களா. அத எங்க அப்பாகிட்டப் போயி சொல்லணும்.

— சொல்லுங்கோ. இப்ப நான் கேக்கிறன். ஏன் குழுவை விட்டிட்டுப் போனனீங்கள்?

— நீங்க என்ன எழுதினீங்கன்னு நெனப்பிருக்கா?

— இருக்கு. 'நீங்கள் இவையைக் கொலை செய்துபோட்டியள்' எண்டு எழுதினனான்.

— எல்லாரும் பாக்கிற எடத்துல.

— எல்லாரும் பாக்கிற இடத்திலதானே நீங்களும் கொலை செய்தனீங்கள். ஒரு சொல்லு என்னட்டக் கேக்காமல் பெரிய அத்தியாயமா எழுதிப் போட்டியள். கோடிக்கணக்கான வருசம் போச்சுதாம், கிரகம் சுத்துறது நிண்டு போச்சுதாம், ஒரு பக்கம் எப்பவும் பகலாம், இனி நடவிக்கு நடக்கத் தேவையில்லையாம். கால் எல்லாம் சூம்பி வேராப் போச்சுதாம். முடிஞ்சுது. ஒரு காட்டை வரைஞ்சு அனுப்பியிருந்தியள். அசையாத காடு.

— கிரகம் அப்படித்தாங்க ஆகும். சந்திரன் நமக்கு ஒரே மொகத்தக் காட்டுற மாதிரி அதுவும் சூரியனுக்கு ஒரே மொகத்தக் காட்டும். தேவையில்லாத உறுப்பு போயிரும். நீங்க சயன்ஸ் டீச்சர், நான் சொல்லியா தெரியணும்?

— அது பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் நீங்கள் சந்தோசமா எழுதியிருந்தனீங்கள். அதுதான் எனக்குத் தாங்கேல்லை. நடக்கிறதை விட்டதை ஒரு கொண்டாட்டம் மாதிரி எழுதியிருந்தியள்.

— கொண்டாட்டம்தான்.

— ஏன்?

— ஏன்னு சொல்லவா? எங்க அப்பாவுக்கு மாமரம்னா உசுரு. வவுனியாவுல ஒண்ணு நட்டாரு. அது காய்க்கிறதுக்குள்ள அங்கருந்து கெளம்ப வேண்டியதாப் போச்சு. இங்க வந்து ஒண்ணு நட்டாரு. பூத்துச்சு. அந்தப் பூவப் பாத்த கையோட யுத்தத்துல நாங்க ஓடினோம். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கூடாரத்துல இருந்தப்பகூட ஒரு மாங்கொட்டய ஊனி வச்சாரு, எங்கம்மா திட்டத் திட்ட. முகாமுக்குப் போயி, திரும்ப வந்து பாத்தா, இங்க நட்டதும் இல்ல. அப்புறம் ஒண்ணு நட்டாரு. சரி பாருங்க, நான் படிச்சு முடிச்சு இங்க வேலைக்கு வந்த வருசம் அது காய்ச்சிச்சு. அப்பா ஒரு பழத்தப் பறிச்சு வெட்டாம கையிலயே வச்சிக்கிட்டு அரை நாள் உக்காந்திருந்தாரு. அன்னிக்குத்தான் அந்த அத்தியாயத்த எழுதினேன். நடந்தது போதும், இனிமே நில்லுங்கடான்னு நடவிகளுக்குச் சொல்லணும்னு இருந்துச்சு. நீங்க என்னடான்னா கொலைகாரன்னு சொல்லிட்டீங்க.

— இதை ஏன் எழுதேல்லை? இந்த மாமரக் கதையை?

— இங்கிலீஷ்ல எழுதிப் பாத்தேன். ஒரு மாதிரி அழுவாச்சியா இருந்துச்சு. அழிச்சிட்டேன். குழுவ விட்டும் வந்துட்டேன். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நல்லா இல்லீங்க. மாட்டுக்கு ஊசி போடும்போது நெனப்பு வரும், அதுங்க எப்படி இருக்கோன்னு.

— இருக்குங்கள். நீங்கள் போன இடத்திலயே நிறுத்தி வைச்சிருக்கிறன். ஒரு வசனம் மேல எழுதேல்லை. இந்த ஒரு படம்தான் கீறினனான், அதுக்கும் அம்மா கண் வைச்சிட்டா.

— நீங்க ஏன் அவ்வளவு கோவப்பட்டீங்க? நானும் கேக்கணும்ல.

— பொறுங்கோ, யோசிச்சுச் சொல்லுறன். நான் ஒரு இடமும் போறதில்லை டொக்டர். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில போவன், சைக்கிளில வருவன். வயல், மாடு, பிள்ளையளின்ர கொப்பி. எனக்கு அது பிடிக்கும். பொய்யுக்குச் சொல்லேல்லை, உண்மையாவே பிடிக்கும். பின்னேரத்தில வாய்க்கால் கட்டால வரேக்க வயல் முழுக்கப் பொன்னா இருக்கும். அந்த நேரம் நடவியள் என்ர சைக்கிளுக்குப் பக்கத்தில நடந்து வருங்கள். இண்டைக்கு எவ்வளவு தூரம் போயிருப்பினம், எந்த மலையைத் தாண்டியிருப்பினம் எண்டு யோசிச்சுக்கொண்டே வீட்டுக்கு வந்திடுவன். நான் இருக்கிற இடத்தில இருப்பன், அவை எனக்காக நடப்பினம். நீங்கள் அவையை நிப்பாட்டின அண்டைக்கு நான் தனியச் சைக்கிள் ஓடி வந்தனான்.

— அடடா.

— விசர்க் கதை, என்ன?

— இல்லீங்க. நான் நடந்து களைச்சவங்களுக்காக எழுதினேன். நீங்க நடக்காத ஆளுக்காக எழுதினீங்க. ரெண்டு பேரும் நம்ம ஆசைய அதுங்க தலையில ஏத்தி வச்சிட்டோம்.

— போகவேணுமெண்டால் எனக்கும் போகலாம். அண்ணா பிரதாபன் கனடாவில இருக்கிறார். எங்கள் ரெண்டு பேரையும் வரச்சொல்லி ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனில நிப்பார். நான்தான் மாட்டன் எண்டு சொல்லுறன். அம்மாவைச் சாட்டித்தான் சொல்லுறது. அவா செவலையை விட்டிட்டு ஒரு நாள் வவுனியாவுக்குக்கூடப் போகமாட்டா. இந்த மண்ணை விட்டு இழுத்தால் வாடிப்போவா.

— அப்ப அம்மா இல்லாட்டி போவீங்களா?

— இல்லை. எனக்கு இஞ்சதான். ஆனால் அதை அண்ணாவுக்குச் சொன்னால் விளங்காது. அம்மாவெண்டால் ஒண்டும் பேசமாட்டார்.

— சரி, இப்ப நடவிக்கு என்ன செய்யலாம்? கிரகம் நிக்கத்தான் போகுது. அத மாத்த முடியாது.

— அது நிக்கட்டும். எனக்கு உங்கட காட்டில ஒரு பிழை தெரியுது. கோவத்தில அண்டைக்கு எழுத மறந்திட்டன். எல்லாம் வேரூண்டி நிண்டால் குஞ்சுகள் எங்க இறங்கும்? தாயின்ர குடைக்குக் கீழதானே? அங்க வெளிச்சம் இல்லை. ஒரு தலைமுறையோட எல்லாம் முடிஞ்சுது.

— ஐயோ, ஆமா.

— ஓம். காடு எண்டு சொல்லி ஒரு சுடலையைத்தான் கீறியிருக்கிறியள்.

— அப்ப இப்படி வச்சுக்கலாம். பெருசுங்க வேர் விடட்டும். குஞ்சுங்க மட்டும் நடக்கட்டும். நிழலத் தாண்டிப் போயி, வெளிச்சம் பாத்து நின்னுக்கட்டும். கடல்ல அப்படிப் பிராணி இருக்குங்க. சின்னதுல நீந்தும், பெருசானா பாறையில ஒட்டிக்கும்.

— நானும் அதை யோசிச்சனான். சரிவராது. குஞ்சின்ர இலை சின்னன். நிழலுக்குள்ள அதுக்குச் சாப்பாடே காணாது. நடக்கிறதுக்குச் சக்தி எங்கயால? ரெண்டடி வைக்க விழுந்திடும். அதுக்காகத்தானே முதுகில காவினது.

— தாய்தான் சுமக்கணும். தாய்க்குக் கால் போயிருச்சு. எங்க சுத்தினாலும் அங்கயே வந்து நிக்குது.

— இந்தாங்கோ தம்பி, சாப்பாடு. கோப்பையை வடிவாப் பிடியும், சுடும். மரவள்ளிக்கிழங்குக் கறி, முட்டை, கீரை. என்ன ரெண்டு பேரும் செத்த வீட்டில இருக்கிற மாதிரி இருக்கிறியள்?

— நடவிக்கு ஒரு வழி தெரியேல்லை அம்மா. கிரகம் நிண்டிட்டுது. இனி எல்லாம் ஒரு இடத்தில வேரூண்டப் போகுதுகள். குஞ்சுகள் தாயின்ர நிழலுக்குள்ள விழுந்து சாகுங்கள். குஞ்சுக்கு நடக்கச் சக்தி இல்லை. தாய்க்கு நடக்கக் கால் இல்லை.

— தாய்க்கு ஏன் கால் இல்லை?

— தேவையில்லைன்னு போயிருச்சும்மா. சின்னதுல இருந்தே ஒரே எடத்துல நிக்கிறதால.

— சின்னனில தேவையில்லை எண்டு சொல்லும். சரி. வளந்து, பெத்து, முதுகில குஞ்சு முளைச்ச பிறகு தேவைதானே? அப்ப வரட்டுமன்.

— அப்ப வர்றதா?

— ஓம். பல்லு பிறக்கேக்கயே வருதோ? மீசை பிறக்கேக்கயே வருதோ? தேவையான வயசிலதானே வருது. இளசாய் இருக்கேக்க நிண்டு, தண்ணி குடிச்சு, நல்லாக் கொழுக்கட்டும். பேந்து குஞ்சுகள் வந்த உடன அந்தக் கிழவி தன்ர வேரைத் தானே அறுத்துப்போட்டு, காலை முளைக்க வைச்சு, எழும்பி நடக்கட்டும். வழி வழிய ஒவ்வொண்டா வெளிச்சமான இடமாப் பாத்து இறக்கிவிடட்டும். அதுவரைக்கும் சேத்து வைச்ச பால் அதுக்கு நடக்கக் காணாதோ?

— டீச்சர்.

— பொறுங்கோ, பொறுங்கோ. நான் யோசிக்கிறன்.

— காணும் டீச்சர். ஆயுசு பூராச் சேத்து வச்ச சக்தி. அதுவரைக்கும் நடக்கவே இல்லையே, எல்லாம் தண்டுக்குள்ளயே இருக்கும்.

— இராவணன் மீசை!

— என்னாது?

— முல்லைத்தீவுக் கடற்கரையில முள்ளுப் பந்து மாதிரி உருண்டு வருமே, அதுதான். அந்தப் புல்லு கொடி கொடியா மணலுக்குள்ள வேரூண்டி நிக்கும். விதை முத்தின பிறகு அந்தப் பந்து முறிஞ்சு, காத்தோட உருண்டு உருண்டு போய், போற வழியெல்லாம் விதையைப் போடும். இருக்கு டொக்டர், எங்கட ஊரிலயே இருக்கு! முத்தின பிறகு நடக்கிறது.

— அப்ப காடும் இருக்கும், நடையும் இருக்கும். நிக்கிறதெல்லாம் இளசு, நடக்கிறதெல்லாம் பெருசு.

— நீங்கள் நிப்பாட்டினதும் சரி, நான் நடக்கச் சொன்னதும் சரி.

— ரெண்டும் சரின்னா யாருகிட்ட மன்னிப்புக் கேக்கிறது?

— ஒருத்தரும் கேக்கவேண்டாம். நீங்கள் திரும்பக் குழுவுக்கு வாங்கோ. இந்த அத்தியாயத்தைச் சேந்து எழுதுவம். பெருவில இருந்தே எழுதுங்கோ, எனக்கு ஆட்சேபனை இல்லை.

— இல்லீங்க. இந்தத் தடவ ஊரு பேரப் போட்டே எழுதுறேன். உருத்திரபுரம்னு. படம் நீங்க போடுங்க. அந்தக் கிழட்டு நடவி மொத அடி வைக்கிற படம். அதுக்கு மட்டும் வேணும்னா அம்மா கண்ணு வைக்கட்டும்.

— தம்பி கதைச்சது காணும், சோறு ஆறுது. நல்லாக் குழைச்சுச் சாப்பிடும். கீரை இன்னும் போடட்டோ?

— போடுங்கம்மா. அம்மா, ஒண்ணு கேக்கவா? இவ்வளவு யோசிச்ச எங்களுக்கே தோணல. உங்களுக்கு எப்படித் தோணுச்சு?

— இதில என்ன யோசிக்கக் கிடக்கு? பெத்து, வளத்து, ஒண்டைக் கனடாவுக்கு அனுப்பி, ஒண்டைப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் ஆக்கி, இனிச் சும்மா நிக்கிற நேரம்தானே காலுக்குள்ள ஒரு குறுகுறுப்பு வரும்.

— உங்களுக்கோ? காலுக்குள்ள குறுகுறுப்போ? அம்மா, நீங்கள் செவலைக்கு வைக்கல் போடுறதுக்காகக் கோயில் திருவிழாவுக்கே பாதியில எழும்பி வாற ஆள்.

— அது நீ சைக்கிளில வந்து இறங்கேக்க ஒருத்தரும் இல்லாமல் இருக்கக்கூடாதெண்டு வாறது. மாடு ஒரு சாட்டு.

— அம்மா, என்ன சொல்லுறியள் நீங்கள்?

— நீ என்னைச் சாட்டிக் கொண்ணனுக்குச் சொல்லுறாய், நான் மாட்டைச் சாட்டி உனக்குச் சொல்லுறன். குசினிக்குள்ள நிண்டால் எல்லாம் கேக்கும் பிள்ளை. உனக்கு இஞ்சதான் பிடிச்சிருக்கெண்டு இந்தத் தம்பிக்குச் சொன்னாய். என்னட்ட ஒருநாளும் சொல்லேல்லை. எனக்கு இப்பத்தான் நெஞ்சு ஆறிச்சுது.

— சொன்னால் நீங்கள் எனக்காக இஞ்ச கிடந்து கஷ்டப்படுவியள் எண்டு...

— ஆர் கஷ்டப்படுறது? செவலையை இனி நீ பார், ஏதும் எண்டால் டொக்டர் கூப்பிடு தூரத்தில இருக்கிறார். பனிக்குப் போடுற சப்பாத்து வாங்கவேணும், எத்தினையாம் நம்பர் எண்டு பிரதாபன் நேற்று ஃபோனில கேட்டவன், அந்த அடிமட்டத்தை எடுத்து என்ர காலை ஒருக்கா அளந்து சொல்லு பிள்ளை. உனக்குச் சொல்லாமல் போட்ட கனடா விசா வந்திட்டுது, வாற மாதம் நான் தனியத்தான் பிளேன் ஏறுறன்.